"நான் சவரிண்ணே"

என் செல்லத் தம்பி சவரி,

நன்றாயிருக்கிறாயா என்று எழுதத்தான் கை போகிறது. நீ போய் இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. இந்த வருடம் இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

திருவிழாத் தேர் நம் காலனித் தெருவுக்கும் வரவேண்டும் என்று நீயும் உன் கூட்டாளிகளும் கேட்டீர்கள். அவ்வளவுதானே கேட்டீர்கள்? ஒரே கோயில், ஒரே பூசை. அன்று சாயங்காலமே ஊர்த்தெருவிலிருந்து டிராக்டரில் வந்து நம் வீடுகளைக் கொளுத்தினார்கள். எங்களையெல்லாம் கரும்புக்கொல்லைக்குள் தள்ளிவிட்டு, நடக்கமுடியாத ஞானம் மாமாவைத் தூக்கிவர நீ திரும்பி ஓடினாய். அவரும் வரவில்லை, நீயும் வரவில்லை.

கேசில் சாட்சி நிற்கவில்லை. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கலவரத்தை ஆரம்பித்தவனே நீதான் என்று ஊர்த்தெருவில் ஒரு பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தத் தவக்காலத்தில் அமல்தாஸ் நம் வீட்டுக்கு வந்தார். பாட்டுக்குழுவில் உன் பக்கத்தில் நின்று பாடுவாரே, அவர்தான். அன்று டிராக்டரை ஓட்டிவந்தவரும் அவர்தான். உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அவர் உட்காரவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார். அம்மாவை அவர் மரியாதை கொடுத்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

அம்மா அழவில்லை. "எம்புள்ள கடைசியா இன்னா சொன்னான்?" என்று கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரே பொக. ஆளு தெரியாம அடிக்கறாங்கன்னு நெனச்சிட்டான் போல. 'அமல்ண்ணே, நான் சவரிண்ணே'ன்னான். எனக்கு நல்லாத் தெரிஞ்சிது. தெரிஞ்சும் நான் தடுக்கல."

சவரி, பேரைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அந்த நேரத்திலும் நம்பினாயா?

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மன்னிக்கிறேன்னு தெனம் செபத்துல சொல்றேன். சில நாளு வாய் மட்டுந்தான் சொல்லுது. அத நான் கடவுள்கிட்ட பாத்துக்கறேன். நீ இத உங்க தெரு ஜனங்க முன்னாடி சொல்லு. எம்புள்ள சண்டைக்கு வந்தவன் இல்ல, நடக்கமுடியாத மனுசன தூக்கிகினு போக வந்தவன்னு சொல்லு."

அவர் திரும்பிப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்றபோது, அவர் குரல் கேட்டது. உன் பேரைச் சொன்னார், ஞானம் மாமா பேரைச் சொன்னார், தான் செய்ததையும் செய்யாமல் நின்றதையும் சொன்னார். அவருடைய அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாடா ஒளர்ற? கேசுதான் முடிஞ்சிப் போச்சே!"

"கேசு முடிஞ்சிது. எனக்கு முடியலண்ணே."

பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் அங்கேயே நின்று கேட்டார்கள். ஞானம் மாமாவின் மகள் மணலில் உட்கார்ந்து கதறினாள். அடக்கத்தன்று கூட அவள் அப்படி அழவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். தேர் இந்த வருடமும் நம் தெருவுக்குள் வராமல் தெருமுக்கோடு திரும்பிவிட்டது. அமல்தாஸ் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர் சொந்தக்காரர்களே போவதில்லை. சாமியார் இரண்டு தெருவையும் கூப்பிட்டுப் பேசுகிறார். பேச்சு சில சமயம் சண்டையில் முடிகிறது. ஆனாலும் மறுபடி வந்து உட்காருகிறார்கள்.

கல்லறைத் திருநாளன்று அமல்தாஸ், கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் பக்கத்தையும் நம் பக்கத்தையும் பிரிக்கும் நடுச்சுவரைச் சுற்றிக்கொண்டு நம் பக்கம் வந்தார். உன் கல்லறையருகே முழங்காலில் இருந்த அம்மா, கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். நான் தள்ளியே நின்றேன். எனக்கு இன்னும் முடியவில்லை, சவரி. அம்மாவுக்கு எப்படி முடிந்தது?

என் பையன், உன் மருமகன், வளர்ந்துவிட்டான்; உன்னைப் பற்றிக் கேட்கிறான். உன்னை அடித்துக் கொன்றதையும் சொல்வேன், அதை ஒருவர் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டதையும் சொல்வேன். ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொல்லமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்த அக்கா,
மரியபுஷ்பம்