தொப்பியின் மேல் போட்ட சிலுவை

சேசு மரி சூசை துணை

முதலியார்பேட்டை, புதுச்சேரி
1937 பிப்ரவரி 12

என் தம்பி தனிஸ்லாசுக்கு உன் அக்காள் சூசைமேரி அன்போடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை.

பார்சலோனாவிலிருந்து நீ போட்ட கடிதம் விபூதிப் புதனன்று வந்தது. நெற்றியில் பூசிய சாம்பலோடு, படிக்கச் சொல்லி அம்மா என் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். கப்பலில் சமைக்கப் போனவன் பாஷை வாத்தியார் ஆகிவிட்டாயே! 'பிரெந்தே' என்ற ஒரே ஸ்பானியச் சொல்லுக்கு இரண்டு பக்கம். காய்ச்சலில் டாக்டர் தொட்டுப் பார்த்த நெற்றி பிரெந்தேயாம். வீட்டின் தெருப் பக்கமும் அதுதானாம். மாலுமிகள் பயப்படுகிற மேகக் கூட்டம், ஒன்றாய்ச் சேர்ந்த கட்சிகள், எல்லாவற்றுக்கும் அதே பேராம். "ஒரு வார்த்தைய வச்சே ஊரெல்லாம் பொழைக்குதா?" என்று அம்மா சிரித்தாள்.

அடுத்ததை நான் உரக்கப் படிக்கவில்லை. சண்டை நடக்கிற முனையும் பிரெந்தே என்று எழுதியிருக்கிறாய். மற்றதெல்லாம் யார் சொல்லிக் கேட்டாய் என்று எழுதியவன், இதற்கு மட்டும் "அங்கே போகிற லாரியில் இன்னும் இடம் இருந்தது" என்று எழுதியிருக்கிறாய்.

தம்பி, போன ஆடியில் இங்கே மில் வாசலில் வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சிப்பாய்கள் சுட்டதை எழுதியிருந்தேன் அல்லவா? பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி வேடிக்கை பார்க்கத்தான் போனார். அவர் மனைவி அஞ்சலாட்சியின் வெறும் நெற்றியைத் தினமும் கிணற்றடியில் பார்க்கிறேன். அங்கே ஸ்பெயினில் நியாயம் யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பயம்தான் தெரியும்.

நீ புறப்பட்ட அன்று கடல்பாலத்தில், கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டுத் தொப்பியைக் கழற்றாமலே ஆசீர்வாதத்துக்குக் குனிந்தாய். அம்மா தொப்பியின் மேலேயே சிலுவை போட்டாள். மூன்று வருஷமாக அது அவள் மனதை அரிக்கிறது. சாமியாரிடமே போய்க் கேட்டாள். மனதாரப் போட்டது போய்ச் சேர்ந்துவிடும் என்றாராம். அந்தத் தைரியத்தில்தான் தூங்குகிறாள். நீயோ, லாரியில் ஏறிய உன் சிநேகிதன் மிகேலுக்குக் குளிருக்காக அதே தொப்பியைக் கொடுத்துவிட்டாயாம். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவன் திரும்பினானா? நீ எழுதவில்லை. அம்மாவிடம் இதையும் நான் சொல்லவில்லை.

கப்பல் பழுது தீர்ந்து பாஸ்கா திருநாளுக்குப் பிறகுதான் மார்சேய்க்குப் புறப்படும், ஏறுவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன் என்கிறாய். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், ஏறிவிடு.

அம்மா ஒன்றே ஒன்று எழுதச் சொன்னாள். "இந்தத் தரம் தொப்பி இல்லாம வரச் சொல்லு. நெத்தியிலயே போடறேன்" என்றாள். அப்படியே வருவான் என்று சொல்லிவிட்டேன்.

தேவமாதா உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.

உன் அக்காள்
சூசைமேரி