முதலை இல்லாமல் எழுதச் சொன்னாள் உன் அம்மா

என் செல்ல மருமகனே, தினேஷ்,

கிள்ளான் ஆற்றின் மீதும், என் மீசையில் மிச்சமிருக்கும் கறுப்பு முடிகளின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். இப்போது நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீயும் நம்பமாட்டாய். ‘மாமா ஆரம்பிச்சிட்டாரு’ என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டு காலை நீட்டி உட்காருவாய். உட்கார். நீ இருக்கும் இடத்தில் வேறு வேலை என்ன இருக்கப்போகிறது?

முதலில் ஊர்ச் செய்தி. உன்னைப் பற்றிய படம் வந்துவிட்டது. நீ போன பிறகு, பங்சாரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு தம்பி கேமராவைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு நடையாய் நடந்தானே, அதேதான். ‘தகரம்’ என்ற பெயரில் ராப் பாடிய கிள்ளான் பையன் எப்படி வாழ்ந்தான், எப்படிச் செத்தான் என்று ஒரு முழுநீளப் படம்.

நீ உயிரோடு இருந்தபோது நம் லிட்டில் இந்தியாவில் நாலு கடைக்காரர்களுக்கு உன்னைத் தெரியும். அதில் ரெண்டு பேர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர்கள். இப்போது அந்த ரெண்டு பேர்தான் உன் பாட்டை ரொம்ப சத்தமாகப் போடுகிறார்கள். படம் பார்த்து ஜனங்கள் விட்ட கண்ணீரில் ஆறு பெருகி, பூக்கடை வாசலில் நான் கெண்டை மீன் பிடித்தேன். சரி, சின்னக் கெண்டை.

படம் பார்ப்பதையே படம் எடுத்துப் போடுகிறார்கள், தெரியுமா? ஒரு பெண் நீ ஹெல்மெட்டை மாட்டும் இடத்தில் அழுகிறாள். அவள் அழுவதைப் பார்த்து இன்னொருவன் அழுது அதையும் போடுகிறான். அவனைப் பார்த்து நான் அழுதேன். உன் முகத்தைக் கழுத்தில் பச்சை குத்திக்கொண்ட ஒருவன் வீடு தேடி வந்து காட்டினான். உன் மூக்கு சரியாக அவன் தொண்டைக்குழியில். அவன் எச்சில் விழுங்கும்போதெல்லாம் நீ தும்மப்போவது மாதிரியே இருக்கிறது. உன் அம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவன் குடிப்பதைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. ஏனென்றால் படத்தின் கடைசியில் ஒரு வினை இருக்கிறது.

அந்த இடத்தில் பாட்டு நிற்கிறது. திரை கறுப்பாகிறது. ஒரு கரகரத்த குரல் சொல்கிறது: “அன்று மாலை தகரத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. அதன் பிறகுதான் அவர் கிளம்பினார். அழைத்தது யார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.” பிறகு ஒரு மேளச் சத்தம், டம்மென்று.

நடந்தது என்ன என்று உனக்கும் எனக்கும் தெரியும். மழை வந்தால் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நீயும் செய்தாய். ஹைவே பாலத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றாய். அங்கே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்த மற்றவர்களோடு நின்றாய். மழையில் வழுக்கிய ஒரு லோரி ஓரத்துக்கு வந்தது. அவ்வளவுதான். அதில் மர்மம் இல்லை, எதிரி இல்லை, மேளச் சத்தமும் இல்லை. ஆனால் ரசிகர்களுக்கு அது எப்படிப் போதும்?

அழைத்தவனைத் தேட ஆரம்பித்தார்கள். வஞ்சம் வைத்து வரச் சொன்னான், லோரிக்காரனோடு பேசி வைத்திருந்தான், உன் பாட்டை எல்லாம் தன் பேரில் எழுதிக்கொள்ளப் பார்த்தான் என்று ஒரே நாளில் எத்தனை கதை. எனக்கே பொறாமையாக இருந்தது, மாப்பிள்ளை. ஆயுள் முழுக்கப் பொய் சொல்லிப் பழகிய என்னாலும் இந்த வேகத்துக்கு முடியாது.

கடைசியில் அவர்கள் ஜெகனைப் பிடித்தார்கள்.

உனக்குத் தாளம் போட்டுக் கொடுத்த ஜெகன். ரவாங்கில் கார் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கிறானே, அவன். படத்தில் அவனிடம், “அன்னைக்கு யார் கால் பண்ணது?” என்று கேட்கிறார்கள். அவன் மூக்கைச் சொறிகிறான். “தெரியல அண்ணே” என்கிறான். இதுதான் அவன் செய்த குற்றம். அந்த மூக்குச் சொறிதலை மெதுவாக ஓட்டி, பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, பொய் சொல்பவன் எந்த விரலால் சொறிவான் என்று விளக்கம் வேறு சொன்னார்கள்.

பிறகு அவன் கடை ஷட்டரில் சிவப்புப் பெயின்ட் வீசிவிட்டுப் போனார்கள். நம் ஊரில் ஷட்டரில் சிவப்புப் பெயின்ட் வீசுவது வட்டிக்கு விடும் ஆலோங். இப்போது ரசிகனும் கற்றுக்கொண்டான். ‘கொலைகாரன்’ என்று எழுத முயன்று, பாதியில் பெயின்ட் தீர்ந்து ‘கொலை’யோடு நின்றிருந்தது. ஜெகனின் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சிரிக்கலாம் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். வரவில்லை.

நான் ரவாங்குக்குப் போனேன். பாதி திறந்த ஷட்டருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான்.

“டேய், தெரியலன்னு ஏன்டா சொன்ன? நான் பண்ணல, வேற யாரோன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே.”

“யார்னு கேட்டா என்ன சொல்றது, அங்கிள்?”

“உனக்குத் தெரியுமா?”

“அவன் என் முன்னாடிதானே பேசினான். ‘சரிம்மா, சரிம்மா’ன்னு.” அவன் மூக்கைச் சொறிந்தான். “அதை நான் கேமரா முன்னாடி சொல்லவா? இவனுங்க பெயின்ட் எடுத்துட்டு அம்மா வீட்டுக்குப் போவானுங்க. விடுங்க லா. என் ஷட்டர்தானே.”

ஆமாம், மருமகனே. உன்னை அழைத்தது உன் அம்மா. அது நம் குடும்பத்தில் பேசாத பேச்சு. அழைத்தபோது அந்த அடுப்படியில் நானும் இருந்தேன். நண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் வானம் கறுத்துவிட்டது. அக்கா போனை எடுத்து உன்னிடம் சொன்னாள்: “மழை கட்டிட்டு வருது. நனைஞ்சுக்கிட்டு ஓட்டாத. எங்கயாச்சும் பாலத்துக்குக் கீழ நின்னுட்டு வா.”

நின்றாய். அம்மா சொன்னதை நீ கேட்ட நாள்கள் குறைவு. அன்றைக்கா கேட்க வேண்டும்?

அதற்குப் பிறகு அவள் அந்தப் பாலம் வழியாகப் போனதே இல்லை. யாராவது ‘மழை வருது’ என்றால் எழுந்து உள்ளே போய்விடுவாள். இப்படிப்பட்டவளிடம் போய், உலகமே உன்னைத்தான் தேடுகிறது, உனக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கொலைகாரன் என்று யார் சொல்வது?

அப்புறம் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் ரசிகர்களுக்கு என்று படத்தைத் திரும்பப் போட்டார்கள். முடிந்ததும் கேள்வி பதில். மேடையில் படம் எடுத்த தம்பி, பக்கத்தில் நான். படத்தில் நான் விட்ட கதைகளால் எனக்கும் ஒரு ரசிகர் கூட்டம், கேட்டுக்கோ. ஜெகனும் வந்திருந்தான். வராவிட்டால் பயந்துவிட்டான் என்பார்களே என்று, கதவு ஓரமாக நின்றான்.

நடுவில் ஒருவன் எழுந்தான். நம் கழுத்துப் பச்சைக்காரன்தான். “மாமா, சும்மா சுத்தாதீங்க. அன்னைக்குக் கூப்பிட்டது யாரு? அதோ நிக்கிறானே, அவன்தானே?”

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நாலைந்து பேர் எழுந்து கதவுப் பக்கம் போனார்கள். ஜெகன் அசையவில்லை. படம் எடுத்த தம்பி, “பிளீஸ் பாஸ், உட்காருங்க” என்றது யார் காதிலும் விழவில்லை. நான் மைக்கைப் பிடுங்கினேன்.

“நான்தான் கூப்பிட்டேன்” என்றேன்.

மண்டபம் என் பக்கம் திரும்பியது. அப்புறம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது எனக்கு வருவது ஒன்றுதான்.

“அன்னைக்குக் கிள்ளான் ஆத்துல ஒரு முதலை வந்துச்சு. சாதாரண முதலை இல்ல. தலை கிள்ளான்ல, வால் இந்த பிரிக்ஃபீல்ட்ஸ்ல. ரயில்ல போறவங்க எல்லாம் அதைத் தடுப்புச் சுவருன்னு நினைச்சாங்க. அது கொட்டாவி விட்டப்போ ரெண்டு கொமியூட்டர் ரயில் உள்ள போயி, ஆளுங்க இறங்கி, டிக்கெட் தட்டி வெளிய வந்தாங்க. அவனுக்குப் போனைப் போட்டு, டேய், இதைப் பத்திப் பாட்டு எழுதலாம், உடனே கிளம்பி வாடான்னேன். அவன் சிரிச்சான். விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே கிளம்பினான்.”

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். முன்வரிசையில் இருந்த பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“அப்போ உங்க பொய்யாலதான் அவர் போனாரா?” என்றான் பச்சைக்காரன்.

“ஆமா தம்பி. பெயின்ட் வாங்கணும்னா என் வீட்டு அளவைச் சொல்றேன். எழுத்து முழுசா வர்ற அளவுக்கு வாங்கிக்க.”

கதவருகே நின்றவர்கள் விலகினார்கள். ஜெகன் வெளியே போனான். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை, மாப்பிள்ளை. ‘என்ன காரியம் செஞ்சீங்க’ என்பது மாதிரி இருந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை.

அடுத்த நாள் முதல் ஏச்செல்லாம் எனக்கு. பாதிப் பேர் என்னைக் கொன்றுவிட வேண்டும் என்றார்கள். மீதிப் பேர் அந்தப் பாலத்துக்குக் கீழே பிளாஸ்டிக் முதலைகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். பச்சை, மஞ்சள், குழந்தைகள் குளிக்கும்போது விளையாடுவது, அமுக்கினால் கத்துவது. நீ விழுந்த இடத்தில் முதலைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. மழைக்கு ஒதுங்குபவர்கள் அவற்றைத் தள்ளிவிட்டு நிற்கிறார்கள். நீ இருந்திருந்தால் இதை வைத்து ஒரு பாட்டு எழுதியிருப்பாய்.

பக்கத்து வீட்டுப் பெண் நல்ல எண்ணத்தில் மண்டபத்தில் நான் பேசிய வீடியோவை உன் அம்மாவிடம் காட்டிவிட்டாள். நான் போனபோது அக்கா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

“கடைசியா அவன்கூடப் பேசினது நீயா?”

“இல்லக்கா, அது வந்து, உன்னை யாரும்...”

“நான்தானே பேசினேன்.”

“தெரியும்க்கா. அவனுங்க ஒரு மாதிரி. உன்னைக் கொலைகாரின்னு சொல்லுவானுங்கக்கா.”

“சொல்லட்டும். நான் தினம் சொல்லிக்கிறதுதான்.” பயற்றங்காய் தீர்ந்துவிட்டது. வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த ஒரு பேச்சுதான்டா என்கிட்ட மிச்சம். அவன் சரிம்மான்னு சொன்னது. அதையும் நீ எடுத்துக்கிட்டா, நான் எதை வெச்சிருக்கிறது? கொடுத்துடு.”

நான் பலகையை வாங்கிக் கழுவி வைத்தேன். இந்த ஒன்றையாவது நம்பு.

பிறகுதான் ஜெகனைப் பற்றிச் சொன்னேன். ஷட்டர், பெயின்ட், ஈப்போ, அவன் யாருக்காகப் பேசாமல் இருந்தான் என்பது. அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். “ரயில்ல போலாம். ரோட்ல போனா அந்த இடம் வரும்.”

ரவாங்கில் கடை வாசலில் நின்று, அந்தச் சிவப்புக் ‘கொலை’யை எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஜெகன் ஓடிவந்து மறைத்துக்கொண்டு நின்றான். “ம்மா, ஏம்மா இங்கெல்லாம்...” அவள் அவன் மூக்கைப் பிடித்து ஆட்டினாள், சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல. அப்புறம் ரெண்டு பேரும் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார்கள். நான் வெளியே நின்று, தின்னர் ஊற்றி ஷட்டரைத் துடைத்தேன். முழுதாகப் போகவில்லை. இன்னும் ரோஸ் நிறத்தில் தெரிகிறது.

“போன்ல வீடியோ எடு, நான் பேசுறேன்” என்றாள் ஜெகனிடம். அவன் மாட்டவே மாட்டேன் என்றான். “அப்போ இவன் எழுதட்டும். பொய் சொன்னவன் இவன்தானே. டேய், எழுது. நான்தான் கூப்பிட்டேன்னு எழுது. பாலத்துக்குக் கீழ நிக்கச் சொன்னது நான்தான்னு எழுது. ஜெகன் எனக்காகத்தான் வாயைத் திறக்கலன்னு எழுது. முதலை இல்லாம எழுது.”

எழுதிவிட்டேன்; ரசிகர்கள் எல்லாரும் படிக்கும்படி இந்தக் கடிதத்தையே போடப்போகிறேன். அதனால்தான் முதலிலேயே ஆணையிட்டேன். நான் நீட்டி அளந்த முதலையை நம்பியவர்கள், ஓர் அம்மா மகனை மழையில் நனையாதே என்று சொன்னதை நம்புவார்களா? நம்பாவிட்டாலும் பரவாயில்லை. ஜெகனின் மனைவி படித்தால் போதும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பாலத்துக்குக் கீழே இருக்கும் அந்த முதலைகளை நான் போய் அள்ளிக்கொண்டு வருவேன். ஜெகன் பிள்ளை திரும்பி வந்ததும் அதற்கு விளையாடக் கொடுப்பேன். என்றைக்காவது உன் அம்மா அந்த வழியாகப் போக வேண்டும் என்றால் கூடவே போவேன், போகும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

மண்டபத்தில் நான் சொன்னதெல்லாம் பொய். ஆனால் ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். அன்று அக்கா உன்னோடு பேசிக்கொண்டிருந்தபோது, நண்டுச் சட்டிக்குப் பக்கத்திலிருந்து நான் கத்தினேன்: “டேய், ஆத்துலேர்ந்து முதலை வந்திருக்கு, உன் பங்கு நண்டைத் தின்னுடும், சீக்கிரம் வா.” நீ சிரித்தாய். போனில் எங்கள் ரெண்டு பேருக்கும் கேட்கும்படி சிரித்தாய். இதை அக்காவிடம் கேட்டேன், இதையும் கொடுத்துவிட வேண்டுமா என்று. கொஞ்சம் யோசித்தாள். “அதை நீயே வெச்சுக்க” என்றாள்.

உன் பங்கு நண்டை அன்று தொடாதவன்,
உன் தாய்மாமன்