மணிக்கயிற்றில் வந்த பத்து பெசோ

நவம்பர் 4, திங்கள்

காலையிலேயே, தெருவிலிருந்து கூப்பிடத் தொங்கவிட்டிருக்கும் மணிக்கயிறு ஆடியது. பால்காரன் என்று பால்கனிக்குப் போனால், மூன்று மாடிக்குக் கீழே டாக்ஸிக்குள் லத்தீபா. கான்வென்டில் என் பக்கத்து பெஞ்சு. அன்றும் கத்துவாள், இன்றும் கத்துகிறாள்.

"அடியே ஹாஜரா! இருபத்தி நாலாம் தேதி ஜுல்ஃபிகர் என்னை மணிலாவுக்குக் கூட்டிட்டுப் போறான். மவன் வீட்டோட போயிட்டா இனி திரும்பி வர மாட்டேன். எறங்கி வாடி!"

"நீ ஏறி வா!"

"என் நெஞ்சு ஏறாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். ஏப்ரலில் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து என் கால் படி இறங்காது என்று அவளுக்கும் தெரியும். நாற்காலியோடு தூக்கி இறக்குகிறேன் என்கிறான் கீழே வெற்றிலைக் கடை வைத்திருக்கும் ஜாபிர். மொகல் தெருவே நின்று பார்க்கவா? இந்தப் படியில் என் கணவரைத் தூக்கி இறக்கினார்கள், மய்யித்தாக. நானும் அப்படித்தான் இறங்குவேன்.

கயிற்றின் நுனியில் சாமான் மாட்டும் கிளிப்பில் ஓர் உறையை மாட்டிவிட்டுப் போய்விட்டாள். உள்ளே ஒரு நாணயம். ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

நவம்பர் 5

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிலிப்பைன்ஸ் பத்து பெசோ. ஒரு பக்கம் மாபினி என்றொரு மனிதர், மார்பளவு. மறுபக்கம் ஒரு பூங்கொத்து. நம் ஊரில் நாணயம் ஒழிந்து எல்லாம் நோட்டாகி எத்தனை காலம்! உள்ளங்கையில் அந்தக் கனம் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு எதற்கு?

நவம்பர் 6

போனில் கேட்டேன். சிரிக்கிறாள்.

"அந்தக் காசுல இருக்கற ஆளுக்கு ரெண்டு காலும் வெளங்காதுடி. அவங்க மொத குடியரசுல பிரதம மந்திரி. துணித் தொட்டில்ல தூக்கிட்டுப் போவாங்களாம். அவரு போனாரு. நீ வர மாட்டே."

போனை வைத்துவிட்டேன். எனக்கு உபதேசம்! கணக்குப் பாடத்தில் என்னைப் பார்த்து எழுதியவள்.

நவம்பர் 10

மணிலாவில் எல்லாக் காசும் ஒரே வெள்ளி நிறம், பஸ்ஸில் மாறிப்போகிறது என்று போனில் ஜுல்ஃபிகரே ஒப்புக்கொள்கிறான். வடிவமைத்தவர் பஸ்ஸில் ஏறியதே இல்லை போலிருக்கிறது. அது போகட்டும். இந்த மனிதரை ஏன் மார்போடு வெட்டினார்கள்? தொட்டில் எங்கே? தூக்கியவர்களின் தோள் எங்கே? பூவுக்கு மட்டும் ஒரு பக்கம் முழுவதும் கொடுக்கத் தெரிந்ததே.

மாலையில் பால்கனியில் நின்றேன். தெருவில் போகிறவர்கள் சலாம் சொன்னார்கள். கைப்பிடிச் சுவர் என்னையும் மார்பு வரைதான் காட்டுகிறது. சீ, என்ன யோசனை இது!

நவம்பர் 15

லத்தீபா போன் செய்யவில்லை. நானும்தான்.

நவம்பர் 18

ஜுல்ஃபிகர் பேசினான். "உம்மா ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல, மாமி. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

சொல்லக் கூடாது என்றால் ஏன் சொல்கிறான்? என்ன பிள்ளை வளர்த்திருக்கிறாள்!

கயிற்றில் ஜாபிருக்கு ஒரு சீட்டு இறக்கினேன். வியாழன் பத்து மணி. பிளாஸ்டிக் நாற்காலி கூடாது, கை வைத்த மர நாற்காலி வேண்டும். தூக்குகிறவர்கள் சட்டை போட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 21, வியாழன்

ஜாபிரும், தெருவில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் கோ மின்னும் தூக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் என் முழங்கையைச் சுவரில் தேய்த்துவிட்டு, "பரவாயில்ல மாமி" என்கிறான் ஜாபிர். யாருக்குப் பரவாயில்லை? டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டியாவது இருப்பேன்.

டாக்ஸியில் லத்தீபா வீடு இருக்கும் க்யிம்யிண்டைங் போய்ச் சேரப் பதினொன்றரை. பெட்டிகளுக்கு நடுவில் லத்தீபா. எவ்வளவு இளைத்துவிட்டாள்!

"லேட்டு. சிஸ்டர் இருந்தா ஒன்ன வெளிய நிக்க வெச்சிருப்பாங்க."

"நிக்க முடிஞ்சா நிப்பேனே."

என் கையை விடாமலே ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். டீயில் சர்க்கரை அதிகம்.

நவம்பர் 23

நாளை காலை ஆறு மணிக்கு ஜாபிரையும் கோ மின்னையும் நாற்காலியோடு வரச் சொல்லிவிட்டேன், லத்தீபாவை வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போக. கோ மின் இடது பக்கம் பிடிக்க வேண்டும், அவர்தான் நிதானம்.