வேப்பிலை கட்டியவளிடம் கேட்ட கேள்வி

ஆனி கடைசி வெள்ளி

வெயில். ஆற்றுப் பக்கமிருந்து மணல் காற்று. கண்ணெல்லாம் தூசி.

இன்று என் வாசலில் நின்றவர்கள்: சுகாதார இன்ஸ்பெக்டர் (இனி இன்ஸ். போதும், முழுசாக எழுதுகிற மரியாதை அவனுக்கு வேண்டாம்). அவன் பையைத் தூக்கி வந்த பியூன். லாட்ஜ் கோவிந்தசாமி, கூப்பிடாமல் வந்தவன். பக்கத்து வீட்டுப் பாப்பம்மா, வெற்றிலைக் கூடையோடு. என் மூத்தவன் முருகேசன், கிணற்றடியில். மருமகள் சரோஜா, கதவுக்குப் பின்னால். நான்.

யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு மறக்காது. கிழவி மறந்துவிட்டாள் என்று நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மெட்ராஸில் சட்டம் போட்டுவிட்டார்களாம். திருவிழாவுக்கு வருகிற ஜனங்களுக்கு வாடகைக்கு இடம் விடுகிறவர்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும். கீற்றுக் கூரை ஆகாது, ஓடு அல்லது ஷீட். கக்கூஸ் கட்ட வேண்டும். சுற்றிச் சுவர். இன்ஸ். படித்துக்கொண்டே போனான். நான் கேட்டேன்:

"இத்தினி வருசமா ஆடிக்கு ஆடி குடிசை போடறேன். யாரு செத்தாங்க?"

"சாகறதுக்கு முன்னாடி தடுக்கத்தாம்மா சட்டம்."

கோவிந்தசாமி சிரித்தான். இவன் அப்பன் என் கல்யாணப் பந்தியில் எனக்குப் பாயசம் இல்லை என்று சொல்லிவிட்டு அண்டாவோடு வீட்டுக்குத் தூக்கிப்போனவன். அதே பல்.

அப்புறம் பாப்பம்மா ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கு வாய் உண்டு. "சொந்தக்காரங்க வந்து தங்குனா கூடவா சார் லைசென்சு?"

இன்ஸ். கொஞ்சம் யோசித்தான். "வாடகை வாங்குனாத்தான் சட்டம். சொந்தபந்தம் சும்மா வந்து தங்கறத நான் கேக்க முடியாது."

வழி தெரிந்துவிட்டது. கோவிந்தசாமி சிரிப்பை நிறுத்திவிட்டான். ஞாயிறு வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு இன்ஸ். போனான்.

கீற்றுக்கு ஆள் சொல்ல வேண்டும். மூங்கில் போன வருஷத்ததே போதும். மஞ்சள் தூள். சரோஜாவுக்கு இருமல், கஷாயம்.


சனி

காலையிலிருந்து குடிசை கட்டும் வேலை. ஆற்றைப் பார்த்த வரிசை முடிந்தது. வருகிறவர்களுக்காக வீட்டையும் ஒழித்தாயிற்று. வழக்கம்போல நாங்கள் மாட்டுக்கொட்டகையில். வீட்டுக்காரர் போன பிறகு இந்த ஆடி மாசம்தான் மற்ற மாசங்களுக்கு அரிசி போடுகிறது. இது நின்றால் முருகேசனின் கையைப் பார்க்க வேண்டும். அவன் கையில் ஒன்றும் இல்லை. கும்முடிப்பூண்டி பக்கம் கம்பெனி வருகிறது, வேலை வருகிறது என்று இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறான்.

திருவிழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். யார் கேட்டாலும் சொந்தம், சும்மாதான் தங்குகிறோம் என்று சொல்லுங்கள். பெரம்பூர்க் கூட்டம் சிரித்துக்கொண்டே சரி என்றது. ஒரு கிழவர், "அப்ப நான் உனக்கு மாமனா, மச்சானா?" என்றார். "வாடக குடுக்காம ஓடிட்டா ரெண்டும் இல்ல" என்றேன்.

பொழுது சாய்கிற நேரம் தங்கம்மா வந்தாள். ராயபுரத்திலிருந்து பஸ். முருகேசன் பால் குடிக்கிற பிள்ளையாக இருந்தபோதிருந்து வருகிறாள். கூட மகள் ராணி. வயிற்றில் ஏழு மாசம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இது தங்க, வேப்பிலையையே சேலையாகக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுகிறேன் என்று தங்கம்மாவுக்கு வேண்டுதல்.

வந்தவள் வழக்கம்போலக் காசை வாசற்படியில் வைத்துவிட்டுத்தான் காலை உள்ளே வைத்தாள். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். சும்மா தங்கினால் வேண்டுதலின் பலன் கூரை கொடுத்தவளுக்குப் போய்விடும். அதனால் பிச்சைக்காரன்கூட ஒரு காசு வைக்காமல் படி தாண்ட மாட்டான். நான் காசை முந்தானையில் மறைத்தேன்.

"நாளைக்கு ஒர்த்தன் வருவான். எனக்குத் தங்கச்சின்னு சொல்லு தங்கம்மா."

"தங்கச்சிதானேக்கா. இதுல பொய் இன்னா இருக்குது?"

"காசு குடுக்கலன்னும் சொல்லணும்."

அவள் ராணியைப் பார்த்தாள். பிறகு, "சரிக்கா, இன்னிக்கே வந்து கேட்டா நல்லாருக்கும்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அடுப்பில் குழம்பு.

கொசு. மாடு ராத்திரியெல்லாம் முட்டிக்கொண்டே இருக்கும்.


ஆடி முதல் ஞாயிறு

எழுத்து கோணல்.

காலையில் நாஷ்டா ஆகும் முன்பே இன்ஸ். வந்தான், பியூனோடு. குடிசை குடிசையாகக் கேட்டான். பெரம்பூர்க் கிழவர், "இவங்க எனக்கு அத்த மவ" என்றார். ஒருத்தி நான் அவளுடைய சித்தி என்றாள். எல்லோரும் சும்மாதான் தங்குகிறார்கள். இன்ஸ். தலையைச் சொறிந்தான். தங்கம்மா அப்போது வீட்டுக்குள்ளே, புடவையில்தான் இருந்தாள். அவளைக் கேட்கவில்லை. தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டான். தப்பித்தோம் என்று நினைத்தேன். அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன்.

பிறகு தங்கம்மா ஆற்றுக்குப் போனாள். முழுக்குப் போட்டு வேப்பிலை கட்டிக்கொண்டாள். மேளம். ராணி பின்னால் மெதுவாக. கோயிலைச் சுற்றிவிட்டு உச்சி வெயிலில் திரும்பி வந்தாள், உடம்பெல்லாம் இலை, தண்ணீர் சொட்டச் சொட்ட. படியேறப் போனபோது இன்ஸ். குறுக்கே வந்து நின்றான். எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை. பின்னால் கோவிந்தசாமி. கொஞ்சம் தள்ளி முருகேசன்.

"ஏம்மா, இந்த வீட்டுல சும்மாவா தங்கறீங்க?"

வேப்பிலை கட்டியவள் இலையை அவிழ்க்கிற வரைக்கும் அம்மன்தான். அவள் வாயில் பொய் வரக்கூடாது. வந்தால் வேண்டுதல் முறிந்தது. இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். வெளியூர் இன்ஸ்பெக்டருக்கு எப்படித் தெரியும்?

தங்கம்மா என்னைப் பார்க்கவில்லை. ராணியின் வயிற்றைப் பார்த்தாள். மேளக்காரன் கூட நிறுத்திவிட்டான்.

"இல்ல நைனா. காசு வச்சிட்டுத்தான் படி ஏறுனேன். இருவது வருசத்துக்கு மேல அப்படித்தான்."

முடிந்தது.

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்றான். உலையில் பொங்கல் பாதி வெந்திருந்தது. இருமும் கிழவர்கள், தொட்டில் பிள்ளைகள், கட்டிப்போட்ட கோழிகள். "எங்க போறது?" என்று ஜனம் கத்தியது. கோவிந்தசாமி வாய் திறக்கவே இல்லை. முருகேசன்தான் முன்னால் வந்து, "லாட்ஜுல எடம் இருக்குது, வாங்க வாங்க" என்று பெரம்பூர்க் கிழவரின் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

ஜனங்களுக்கு உதவுகிறான் என்று நினைத்தேன். நல்ல பிள்ளை என்றுகூட நினைத்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

தங்கம்மா இலையை அவிழ்த்துப் புடவை மாற்றிக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்தாள். "அக்கா, என்ன அடிச்சிடு" என்றாள். நான் அடுப்பை அணைக்கப் போய்விட்டேன். அவளும் போனாள்.


திங்கள்

தூறல். பஞ்சாயத்து ஆட்கள் வந்து குடிசைகளைப் பிரித்துப் போட்டார்கள். கீற்றெல்லாம் நனைந்து கிடக்கிறது. ஒருவன், "எம்மா, எங்க மேல கோவிச்சிக்காத, சொன்னத செய்றோம்" என்றான். அவன் அம்மாவுக்கு நான் பிரசவம் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு பிரித்தான். ஆனாலும் பிரித்தான்.

லைசென்ஸ் எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று யூனியன் ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். முதலில் சுவர் கட்டு, பிறகு வா. சுவருக்கு வழி? லைசென்ஸ் கிடைத்தால் ஜனம் வரும், ஜனம் வந்தால் சுவர் கட்டலாம் என்றேன். "அது உன் பேஜாரும்மா" என்றான் ஒரு குமாஸ்தா. மூக்கில் மரு. அடையாளத்துக்கு எழுதி வைக்கிறேன்.

ராணி வந்தாள். தனியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. தூக்கில் பொங்கல். "அம்மா குடுக்க சொல்லிச்சு பெரிம்மா. லாட்ஜுல அடுப்பு மூட்ட வுடல. ஆத்தோரம் கல்லு வச்சி பொங்குனோம். வேப்பில தரையில சிந்துதுன்னு கூட்டறவன் திட்றான்."

வாங்கிக்கொண்டேன். அவளுக்கு மோர் கொடுத்தேன். பொங்கலில் உப்பு இல்லை. தின்றேன்.


புதன்

வெயில் திரும்ப. கீற்றைக் காயப் போட்டேன், எதற்கு என்று தெரியாமல்.

பாப்பம்மா கூடையை இறக்கி வைத்து வெகுநேரம் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். அவள் சும்மா இருந்தால் விஷயம் இருக்கிறது.

"சொல்லுடி."

"சொன்னா உங்க ஊடு ரெண்டாயிடும் அண்ணி."

"இப்ப மட்டும் ஒண்ணா கீது?"

சொன்னாள். ஞாயிறு காலை இன்ஸ். டீக்கடைக்குப் போனபோது அவளும் அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். முருகேசன் அவனுக்கு டீ சொன்னானாம். சொல்லிவிட்டு, "அந்த ராயபுரத்தம்மாவ இப்ப கேக்காதீங்க சார். வேப்பில கட்டிக்கினு வரட்டும். அப்ப கேளுங்க, பொய் சொல்லாது" என்றானாம்.

சரோஜா உள்ளே பாத்திரத்தை நழுவவிட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் அவன் வந்தான். புதுச் சட்டை. நான் கேட்டேன். இல்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன். லாட்ஜுல கணக்கு எழுதற வேல குடுக்கறேன்னாரு. நாற்காலி, ஃபேனு, மாசம் பொறந்தா சம்பளம். இன்னா தப்பு?"

"தங்கம்மா உன்ன இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சவடா."

"எவ வேணா தூக்கட்டும். ஆடி வந்தா சொந்த ஊட்டுல படுக்க எடம் இல்லாம மாட்டு மூத்தரத்துல படுத்தவன் நானு. பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல எவனும் ஒக்கார மாட்டான், நாத்தம்பான். உனக்கு அது தெரியுமா? நாளைக்கு எனக்குப் பொறக்கற புள்ள அங்க படுக்காது."

தெரியாது. அவன் சொல்லித்தான் தெரியும். சொல்லியிருந்தால் கொட்டகையைக் கழுவி, தனிக் கட்டில் போட்டிருப்பேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கோபம் வந்தால் எனக்கு நல்ல பேச்சு ஒன்றும் வராது.

"அதுக்கு என்கிட்ட கேட்டிருக்கலாம். அவ வேண்டுதல வச்சிக்கினு ஆடுனியே" என்றேன்.

"நான் பொய் சொல்ல சொல்லலியே. நெசத்த சொல்ல வச்சேன்."

எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.


வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் ஊற்றவில்லை. காற்று அதிகம்.

கோயிலுக்குப் போகிற வழியில் லாட்ஜ். உள்ளே மேஜை, நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன். அவன். என்னைப் பார்த்து எழுந்து நின்றான். நான் நிற்கவில்லை. வந்தவர்கள் செருப்போடு உள்ளே போகிறார்கள். யாரும் படியில் காசு வைக்கவில்லை, மேஜைமேல் வைக்கிறார்கள்.

தங்கம்மாவைக் கோயில் வாசலில் பார்த்தேன். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கிட்டே வரப் பயந்து நின்றாள். நானே போனேன். ராணியின் வயிற்றில் கை வைத்தேன். உதைத்தது. "பொறந்ததும் என் ஊட்டுக்குத் தூக்கினு வா, குடிசை இல்லன்னாலும் கொட்டாய் கீது" என்றேன். தங்கம்மா அழுதாள். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

இன்ஸ்பெக்டர் சம்பளத்துக்கு வந்தவன், போவான். கோவிந்தசாமி பாயசம் திருடிய வம்சம், அவனிடம் வேறு எதை எதிர்பார்க்க. சரோஜா புருஷனுக்குப் பயந்தவள். மரு மூக்கனைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் சரோஜா வீட்டுக்குள் பாய் போட்டாள். வீடு காலியாக இருக்கிறதே, இனிமேல் கொட்டகை எதற்கு என்றாள். நான் வரவில்லை. மாட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்றம் இருக்கத்தான் செய்கிறது. அவன் சொன்னதில் பொய் இல்லை.

ஆனாலும் என் மடியில் வளர்ந்து, வேப்பிலை கட்டியவளால் பொய் சொல்ல முடியாது என்பதை நான் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையே கொண்டுபோய் விற்றவன்.

மன்னிக்க மாட்டேன். முருகேசன்.