மைக்கேலுக்கு மட்டும் பள்ளிக்கூடம்

24 மே 1987, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்ததும் அம்மா மீன்குழம்பு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு அப்பாவும் நானும் மாட்னிக்குப் போனோம். தம்பி மைக்கேலுக்குச் சளி, அம்மா விடவில்லை. தியேட்டருக்குள் ஒரே அனல். எங்கள் வரிசைக்கு மேலே இருந்த மின்விசிறி மட்டும் ஓடவில்லை.

படத்தில் அண்ணன்காரன் பட்டாளத்திலிருந்து திரும்பி வருகிறான். வீடு பூட்டிக் கிடக்கிறது. தெருவே கூடி நின்று அவனைப் பார்த்து அழுகிறது; அவன் வாசலில் உட்கார்ந்து பாடுகிறான். திரும்பி வரும்போது அப்பா வழக்கம்போலக் கேட்டார், "எந்த இடம் பொய்?" பாட்டு என்றேன். "பாட்டு பொய்யில்ல, அது சினிமா வழக்கம். யோசி." டீக்கடை வரைக்கும் யோசித்தேன். பூட்டின வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில்தானே இருக்கும்? ஒருத்தரும் அதைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை, அழ மட்டும் செய்கிறார்கள், அதுதான் பொய் என்றேன். அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லித் தர மாட்டாங்க, செல்வி."

இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்?

26 மே, செவ்வாய்

கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை. காலையில் அப்பாவிடம் ஆங்கிலமும் அல்ஜீப்ராவும். அவர் சர்ஜிகல் துணிக் கம்பெனிக்குக் கிளம்பிய பிறகு நான் மைக்கேலுக்கு டீச்சர். மத்தியானம் அம்மாவோடு உட்கார்ந்து அதே கம்பெனிக்குப் பேண்டேஜ் சுற்றுவது. அப்புறம் வெயில் தாழும்வரை புத்தகம்.

மேலத்தெரு ஜெயசீலி இன்று தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கேட்டாள், "ஒங்கப்பா வாத்தியாரா இருந்துக்கிட்டே ஒன்னையப் பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டிட்டாங்களாமே?" எத்தனை பேருக்குத்தான் சொல்வது. அப்பா வேலை பார்த்த, நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைப் பிரம்பு முறிய அடித்தார்கள். அப்பா தட்டிக் கேட்டார். நிர்வாகம் அடித்தவர் பக்கம் நின்றது. 'பிள்ளைய அடிக்கிற இடத்துல நானும் இருக்க மாட்டேன், எம்பிள்ளையும் இருக்காது' என்று சொல்லிவிட்டு வேலையை எழுதிக்கொடுத்தார். நான் அப்போதுதான் ஏழாவது முடித்திருந்தேன். மைக்கேல் இந்த ஒன்பது வயதுவரை பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. மற்ற அப்பாமார் வாயால் சொல்வதை எங்கள் அப்பா செய்து காட்டினார். இதைச் சொன்னால் ஜெயசீலிக்குப் புரியவா போகிறது?

27 மே

படித்துக்கொண்டிருந்த ரஷ்ய நாவல் முடிந்தது. பெயர்கள் கடைசிவரை வாயில் நுழையவில்லை. ஆனாலும் இரண்டு இடத்தில் அழுதேன்.

29 மே, வெள்ளி

அப்பா லீவு போட்டுவிட்டு மைக்கேலை ஸ்ரீவில்லிபுத்தூரில் கண் டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போனார். திரும்பி வந்தவன் கையில் புதுப் பென்சில் டப்பா. "கண்ணுக்கு என்ன சொன்னாங்கலே?" என்றேன். "நல்லாத்தான் இருக்குதாம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஓடிவிட்டான்.

31 மே, ஞாயிறு

மதுரையிலிருந்து அப்பாவின் சிநேகிதர் வேலுசாமி மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய மகளுக்குப் பதினொரு வயது. அவளையும் எங்களைப்போல வீட்டில் வைத்தே படிக்கவைக்கலாமா என்று யோசனை. மாமாவின் மனைவியான அத்தைக்கு மட்டும் பயம். அப்பா, "நான் சொல்லுததவிட செல்வி சொல்லட்டும்" என்றார்.

சொன்னேன். மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உட்காருவதைத்தான் பள்ளிக்கூடம் சொல்லித்தருகிறது என்றேன். மூன்று வருஷத்தில் நான் படித்த புத்தகங்களைச் சொன்னேன். போன ஞாயிறு பார்த்த படத்தைப் பற்றிப் பேசினேன். அந்த அத்தை என் கன்னத்தைத் தொட்டு, "இப்படிப் பேசுமா எம்பிள்ள?" என்றார்கள். அப்பா பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில்தான் அப்படி இருந்திருப்பார்.

போகும்போது மாமா சொன்னார், "முடிவு பண்ணிட்டோம்மா. இந்த வருஷம் அவள அனுப்பல."

3 ஜூன், புதன்

எங்கே ஆரம்பிப்பது.

மத்தியானம் தங்கபாய் அத்தை வந்தார்கள். அப்பாவின் அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் ஆபீஸில் வேலை. அவர்களுக்கும் எனக்கும் ஆகாது. வரும்போதெல்லாம், 'எந்தம்பிக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு, நீயாவது பள்ளிக்கூடத்துக்குப் போவேன்னு அடம் புடிக்கக் கூடாதா ஏட்டி' என்பார்கள். நான் அப்பாவை விட்டுக்கொடுக்காமல் சண்டை போடுவேன்.

இன்று வந்ததும் வராததுமாக அம்மாவைக் கேட்டார்கள். "ஏசம்மா, மைக்கேலுக்கு யூனிபாரம் தைக்கக் குடுத்தாச்சா? பத்தாந்தேதி தெறக்காங்க."

அம்மாவின் கையில் இருந்த பேண்டேஜ் உருண்டு போய்விட்டது. அவள் எடுக்கவில்லை.

"என்ன யூனிபாரம்?" என்றேன்.

அத்தை என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இவளுக்குச் சொல்லலியா? இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல எடம் கெடச்சிருச்சுல்லா. போன வெள்ளிக்கிழம பரீட்ச வச்சதுல கணக்குல இவந்தான் முதலாம். எந்த ஸ்கூல்ல இருந்து வாரான்னு அங்க உள்ள ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கேட்டாங்களாம்."

எந்த ஸ்கூல். நான் சொல்லிக்கொடுத்த கணக்கு. புளியங்கொட்டையை வைத்துப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தது நான்.

கண் டாக்டர்!

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று அம்மாவைக் கேட்டேன். "செத்த நேரம் சும்மா இரி செல்வி, அப்பா வரட்டும்." "எப்பத் தெரியும்மா?" "ஈஸ்டருக்கு முந்தியே பேசுனாங்க. 'செல்விகிட்ட நான் சொல்லுதேன், நீ பேசாம இரு'ன்னாங்க ஒங்கப்பா."

ஈஸ்டருக்கு முந்தி. அப்போ வேலுசாமி மாமா வந்தப்போ? அம்புட்டு நேரம் நான் பேசிக்கிட்டிருந்தேனே, அப்பா பக்கத்துல உக்காந்து கேட்டாங்களே. ஒரு வார்த்தை. 'போதும் செல்வி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

சாயங்காலம் அப்பா சைக்கிளை நிறுத்தும்போதே வாசலில் வைத்துக் கேட்டுவிட்டேன். அவர் மறுக்கவில்லை. உள்ளே வந்து முகம் கழுவிவிட்டுத்தான் பேசினார்.

"அவன் ஆம்பளப் பிள்ள. நாளைக்கு வேலைக்குப் போகணும். சர்டிபிகேட் இல்லாம எவன் உள்ள விடுவான்?"

"என்னைய மட்டும் விடுவாங்களா?"

"ஒனக்கு நான் குடுத்தது வேற செல்வி. அது சர்டிபிகேட்ல வராது."

"அப்ப அதையே அவனுக்கும் குடுங்க."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எல்லாப் பிள்ளையையும் வச்சு இதச் செஞ்சு பாக்க முடியாதும்மா."

செஞ்சு பாக்க. என்னைய வச்சு செஞ்சு பாத்தாங்களாம்.

4 ஜூன்

அப்பா பாடத்துக்குக் கூப்பிட்டார். நான் போகவில்லை.

6 ஜூன், சனி

மைக்கேல் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தான். "ஒனக்குத்தான் டீச்சர் வந்தாச்சே, போ" என்றேன். அவன் அழுதான். "அப்பா சொல்லக் கூடாதுன்னாங்கக்கா. எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், நீயே சொல்லித்தா." ஒன்பது வயசுப் பிள்ளையிடம் கோபப்பட்டு என்ன செய்ய? அது எனக்கும் தெரிகிறது. ஆனாலும் சிலேட்டைக் கையில் வாங்க வரவில்லை.

பிறகு பின்கட்டில் அவனைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்கு வந்தால் ஆங்கிலத்தில் எப்படிக் கேட்கவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

7 ஜூன், ஞாயிறு

அப்பா மாட்னிக்குத் தனியாகப் போய்விட்டு வந்தார். என்ன படம் என்று யாரும் கேட்கவில்லை.

8 ஜூன், திங்கள்

அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். டெலிபோன் ஆபீஸ் வாசலில் அத்தை சாப்பாட்டுக்கு வெளியே வரும்வரை நின்றேன்.

"என்ன ஏட்டி, வெயில்ல?"

"என்னையும் ஒரு பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க அத்தை."

எம்புட்டோ சொல்லிக் காட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் டிபன் டப்பாவைத் திறந்து பாதியை எனக்கு வைத்தார்கள். பிறகு மத்தியானத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் குடையோடு கிளம்பினார்கள்.

பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். ஒரு தாளைக் கொடுத்து, ஒரு கட்டுரையும் நாலைந்து கணக்கும் போடச் சொன்னார். இங்கிலீஷில் ஒரு பத்தி வாசிக்கவைத்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெகுநேரம் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பத்தாங்கிளாஸ் பிள்ளைங்ககூட இப்படி எழுதாது. யாரு சொல்லிக்குடுத்தா?"

"எங்கப்பா."

"ஆனா நீ படிச்சதுக்கு அத்தாட்சி ஏழாங்கிளாஸ் வரைக்குந்தான் இருக்கு. எட்டாவதுலதாம்மா என்னால ஒன்னச் சேக்க முடியும். ஒனக்குப் பதினஞ்சு முடியப்போகுது. பன்னெண்டு பதிமூணு வயசுப் பிள்ளைங்களோட உக்காருவியா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தைதான், "யோசிச்சுச் சொல்லுதோம்மா" என்றார்கள்.

பஸ்ஸில் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷம் எந்தக் கணக்கிலும் சேராமல் போய்விட்டதா? அந்தப் புத்தகங்கள் எல்லாம்? போனது போனதுதானா?

10 ஜூன், புதன்

மைக்கேல் இன்று பள்ளிக்கூடம் போனான். நீலக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. பள்ளிக்கூடத்துக்காரர்கள் பிள்ளைகள் கழுத்தில் கயிறு கட்டி இழுக்கிறார்கள் என்று அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார். இன்று அவரே மண்டிபோட்டு உட்கார்ந்து அவன் டையைச் சரிசெய்தார். நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். அவர் நிமிரவில்லை.

அவன் போனதும் அப்பாவிடம் சொன்னேன். "நானும் சேரப்போறேன். எட்டாங்கிளாஸ்."

"எட்டாங்கிளாஸா?" அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. "ஒன் அறிவுக்கு அது கேவலம் செல்வி. அந்தப் பிள்ளைங்க நடுவுல ஒன்னய உக்காரவைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கேவலம் எனக்குத்தான? நான் பட்டுக்கிடுதேன்."

"ஊருக்குள்ள என்ன சொல்லுவாங்க, இவ்வளவு நாள் நான் பேசுனதெல்லாம்..."

அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். அப்பா பேசும்போது அவள் குறுக்கே வந்து நான் பார்த்ததில்லை. "நான் போடுதேன் கையெழுத்து. பெத்தவ போட்டா செல்லாதாமா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார். சாப்பாட்டுத் தூக்கை எடுக்கவில்லை.

11 ஜூன்

பழைய பள்ளிக்கூடத்தில் டிசி வாங்க அம்மாவும் நானும் போனோம். அப்பா சண்டை போட்டுவிட்டு வந்த இடம். அவர்கள் உட்காரச் சொல்லவில்லை, வெளிவராந்தாவில் நிற்கவைத்தார்கள். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றாள். கொடுத்தார்கள்.

வரும் வழியில், "என் மேலயும் கோவமா இருக்கியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரி" என்றாள். கூடவே நடந்தாள்.

15 ஜூன், திங்கள்

சாரல் காற்று ஆரம்பித்துவிட்டது. மலைப்பக்கம் முழுக்க மூட்டம்.

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு. நான் தாவணியில் உள்ளே நுழைந்ததும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றார்கள். புது டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். நான் நடந்துபோய்க் கடைசி பெஞ்சில் உட்காரும்வரை நின்றுகொண்டே இருந்தார்கள். அப்புறம் ஒருத்தி சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள்.

பக்கத்தில் இருந்தவள் பெயர் பிச்சையம்மாள். என் தோள் உயரம்கூட இல்லை. "நீங்க எத்தன வருஷம் பெயிலுக்கா?" என்று கேட்டாள், கிண்டலாக அல்ல, இரக்கமாக. என்ன சொல்ல? மூன்று என்றேன்.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தலையணையில் அமுக்கிக்கொண்டு படுத்திருந்தேன். நாளைக்கும் போகவேண்டும்.

28 ஜூன், ஞாயிறு

வேலுசாமி மாமாவுக்குக் கார்டு போட்டேன். நான் சொன்னதை நம்பி உங்கள் மகளை நிறுத்த வேண்டாம், நானே இப்போது பள்ளிக்கூடம் போகிறேன் என்று எழுதினேன். அப்பாவிடம் கேட்கவில்லை.

12 ஜூலை

பிச்சையம்மாளுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் சாப்பாட்டு வேளையில் கதை சொல்கிறேன். ரஷ்யப் பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். ராணுவ அதிகாரிக்கு இருளப்பசாமி என்று பெயர்.

30 ஜூலை

மதுரையிலிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. வேலுசாமி மாமா மகளைத் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். அப்பா படித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். நானும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

16 ஆகஸ்ட், ஞாயிறு

மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து வடிவியல் வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தேன். மைக்கேல் தெருவில் விளையாடப் போயிருந்தான். அம்மா தூக்கம்.

அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இப்படி உட்கார்ந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது. அல்லது நான் இப்போதுதான் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் என் நோட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பென்சிலை எடுத்தார்.

"இதுக்கு இத்தன வரி வேண்டாம்மா. இந்த முனையில இருந்து ஒரு கோடு போட்டுப் பாரு. ரெண்டு வரியில முடிஞ்சிரும்."

"எங்க டீச்சர் இப்படித்தான் போடச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

அப்பா பென்சிலை நோட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தார்.

அவர் சொன்ன கோடுதான் சரி. அது எனக்கு முதலிலேயே தெரியும். டீச்சர் சொன்னபடி எல்லா வரிகளையும் எழுதி முடித்தேன்.