உங்களை முன்மொழிந்தவன் எழுதுகிறேன்

என் அன்பான லலிதா வக்கீலம்மாவுக்கு,

செல்லையா எழுதுகிறேன். சாலைக் கம்போளம் என்கிற இந்தச் சந்தையில் ஐம்பது வருஷம் அரிசி மூட்டை சுமந்த அதே செல்லையாதான். நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதுவதாக நினைக்க வேண்டாம். என் கையாலேயே எழுதுகிறேன். ஒரு வரி முடித்து நிமிர்ந்தால் டீ ஆறிப்போயிருக்கிறது. ஆனாலும் எழுத எழுத உள்ளுக்குள் ஒரு குஷி. நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகாதபோது எனக்கு இந்தக் குஷி வரலாமா?

எனக்கு அழுகை வரவில்லை அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வஞ்சியூர் கோர்ட் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று டீக்கடை மைதீன் ஓடிவந்து சொன்னான். "அப்படியா" என்றேன். உங்கள் தெருவுக்கு வந்தபோது வாடகை நாற்காலி வண்டி நின்றுகொண்டிருந்தது. இறக்கிப் போட்டேன். தைக்காட்டுச் சுடுகாட்டுக்கு உங்களைக் கொண்டுபோன பிறகு அதே நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றினேன். தெருவே அழுதது. நான் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூட்டையோடு வெகுநேரம் நின்றால் கழுத்து மரத்துப்போகும். இறக்கி வைத்த பிறகும் மூட்டை தலையில் இருப்பது போலவே தோன்றும். அன்றிலிருந்து எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

இங்கே தேர்தல் அறிவித்துவிட்டார்கள். கம்போளத்துச் சுவரெல்லாம் வெள்ளையடித்து, கட்சிக்காரர்கள் முன்கூட்டியே பெயர் எழுதிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது மலையாளம், எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. தமிழ் என்றால் விடமாட்டேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இடம் வாங்கித் தந்தது நீங்கள்தானே. போன வாரம் ஒரு லாரி பக்கத்தில் நின்று மூட்டைகளை வாசித்தேன். ஆலையின் பெயர், அரிசியின் பெயர், "கொக்கி போடாதீர்" என்று ஒரு வரி. ஐம்பது வருஷம் என் தலைமேல் இருந்த எழுத்து அம்மா. அதற்குக் கீழேதான் நான் நின்றிருக்கிறேன். நடுரோட்டில் சிரித்துவிட்டேன். லாரிக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

உங்களிடம் வந்து சொல்லலாம் என்று இரண்டு எட்டு வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நம் பழக்கம் ரேஷன் கடையில் ஆரம்பித்தது. மூட்டை தேய்த்துத் தேய்த்து என் விரலில் ரேகையே கிடையாது. மெஷின் என்னை ஏற்கவில்லை. மூன்று மாதம் வெறும் பையோடு திரும்பினேன். யாரோ சொல்லி நீங்கள் வந்தீர்கள், கறுப்புக் கோட்டோடு, வியர்த்து வழிந்துகொண்டு. கடைக்காரரிடம் சொன்னீர்கள்: "இந்த மனுஷர் உசிரோட உங்க முன்னாடி நிக்கறார். மெஷினுக்குத் தெரியலைன்னா மெஷினை மாத்துங்கோ, மனுஷரை மாத்த முடியாது." அன்றைக்கு எனக்கு அரிசி கிடைத்தது. அன்றிலிருந்து நீங்கள் என்னை அண்ணாச்சி என்றீர்கள்.

அதன் பிறகு திங்கட்கிழமைதோறும் நீங்கள் ஒரு தடித்த கோப்போடு மாநகராட்சிக்குப் போவதைக் கம்போளம் முழுக்கப் பார்த்தது. பருப்பு புடைக்கும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவர்கள் அவர்கள். மனு மேல் மனு போட்டும் அசையவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தால்தான் நடக்கும் என்று நீங்கள் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்க முடிவு செய்தீர்கள். கட்சி கிடையாது, சின்னம் கிடையாது, சுவர் கிடையாது.

வேட்புமனுவில் முன்மொழிய வார்டு வாக்காளர் ஒருவர் வேண்டும். எத்தனையோ கடை முதலாளிமார் இருந்தார்கள். நீங்கள் என்னிடம் வந்தீர்கள். "இந்தக் கம்போளத்தைத் தலையில தூக்கினவர்தான் எம் பேரைச் சொல்லணும் அண்ணாச்சி." எனக்குத் தலை கிறுகிறுத்தது.

அடுத்து நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மைதீனுக்கு மட்டும் தெரியும். அவனிடம் போய், "ஏ மைதீனு, எம் பேர எழுதிக் குடுடே" என்றேன். பீடிக் கவர் ஒன்றைப் பிரித்து அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தான். மூன்று நாள் லாரிப் பலகையில் சாக்கட்டியால் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். எழுத்தென்று தெரிந்து எழுதவில்லை. பூ வரைவது போல வரைந்தேன்.

மனு நிரப்பிய அன்று உங்கள் ஆபீசில் யூனியன்காரர்கள் ஏழெட்டுப் பேர். நீங்கள் மெதுவாகத்தான் கேட்டீர்கள்: "விரல் பதிக்கணும்னா அதிகாரி முன்னாடி போய்ப் பதிக்கணும் அண்ணாச்சி. போலாமா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எதுக்கும்மா? கையெழுத்துத்தானே, நான் ஒப்புப் போடுவேன்லா" என்றேன்.

"அண்ணாச்சி எப்பவே படிச்சீரு?" என்று ஒருவன் சிரித்தான். நான் மேசை ஓரமாகத் திரும்பி, இடது உள்ளங்கையில் கவரை வைத்துக்கொண்டு வரைந்து முடித்தேன். கை தட்டினார்கள். டீ வந்தது. கவர் எங்கே போனதென்று நான் கவனிக்கவில்லை.

மனு பரிசோதனை நாளில் எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, இந்த ஆளுக்கு எழுத்து தெரியாது, இது வேறு யாரோ போட்ட கையெழுத்து என்றார். என்னை அழைத்தார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "சேட்டா, இவிடெ ஒந்நு ஒப்பிடூ" என்று கையெழுத்துப் போடத் தாளை நீட்டினார். சட்டைப் பையில் கை விட்டேன். கவர் இல்லை. முதல் வளைவு ஒன்று போட்டேன். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் எட்டிப் பார்த்து, "இது ஒப்போ கோலமோ?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது.

நீங்கள் வாதாடினீர்கள். வரைந்தாலும் அது அவர் கைதான், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்று. இரண்டு கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை, மனு தள்ளுபடி என்றார் அதிகாரி.

வெளியே வந்ததும் எனக்கு எலுமிச்சம்பழம் பிழிந்த ஒரு நாரங்கா வெள்ளம் வாங்கிக் கொடுத்தீர்கள். "சாரமில்லை, பரவாயில்லை அண்ணாச்சி. மனுவைத்தானே தள்ளினா, என்னையா தள்ளினா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசியதில்லை. அடுத்த திங்கட்கிழமை கோப்போடு கிளம்பிவிட்டீர்கள்.

பதவி இல்லாமலே அந்தக் கழிப்பறையைக் கட்ட வைத்தீர்கள். ஆனால் நாலு வருஷம் ஆனது. திறந்த அன்று பருப்புக்கடைப் பொன்னம்மா, "வக்கீலக்கா, இனி தைரியமா மோரு குடிக்கலாம்" என்று சொல்லி ஒரு சொம்பு மோரை அங்கேயே நின்று குடித்தாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அந்த நாலு வருஷத்தை எண்ணிப் பார்த்தேன். கல்வெட்டில் உங்கள் பெயர் இல்லை. அதற்குக் காரணம் நான்தானே?

இந்தத் தடவையும் நான்தான் முன்மொழிய வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, வேண்டாம் என்று எழுந்து போனேன். மறுநாள் ஆள் அனுப்பவில்லை. நீங்களே வந்து ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துவிட்டுப் போனீர்கள். இரண்டு வாரம் அதைத் தொடவில்லை. பிறகு போனேன். வகுப்பில் நான்தான் கிழவன். பொன்னம்மாவும் வந்தாள். அவளுக்கு என்னைவிட வேகம். "அண்ணாச்சி, 'லை'க்குக் கொம்பு எங்க?" என்று சீண்டுவாள்.

உங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டும் என்று இருந்தேன். ஒழுங்காக வரட்டும், பிறகு காட்டலாம் என்று தள்ளிப்போட்டேன்.

இப்போது உங்கள் இடத்தில் உங்கள் ஜூனியர் பீனா தேர்தலில் நிற்கிறாள். நேற்று காலை உங்கள் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் நீங்கள் நிரப்பிய புது மனு இருந்தது, உங்கள் பெயரில். முன்மொழிபவர் இடத்தில் பென்சிலால் செல்லையா என்று எழுதியிருந்தீர்கள். நானே வாசித்தேன். அதற்குப் பின்னால் ஒரு பீடிக் கவர் குத்தி வைத்திருந்தது.

"இது எந்தா அண்ணாச்சி? லலிதா சேச்சி இத ஏன் பத்ரமா வச்சிருக்கு?" என்று பீனா கேட்டாள்.

கவரில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். முதல் தடவையாக அது எனக்குப் படமாகத் தெரியவில்லை, என் பெயராகத் தெரிந்தது. மைதீனின் எழுத்து எவ்வளவு கோணல் தெரியுமா அம்மா? அந்தக் கோணலைத்தான் அவ்வளவு பக்தியாக மூன்று நாள் வரைந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. பீனாவும் காரணம் தெரியாமல் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அப்படியானால் நீங்கள் அன்றே பார்த்துவிட்டீர்கள். மேசை ஓரத்தில் நான் திரும்பி நின்றதை, உள்ளங்கையில் இருந்ததை. சட்டம் தெரிந்தவர் நீங்கள். "அண்ணாச்சி, வாங்கோ, அதிகாரி முன்னாடி விரல் வச்சுடலாம்" என்று ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் மனு நின்றிருக்கும். ஏன் சொல்லவில்லை? அந்த ஏழெட்டுப் பேர் முன்னால் என் முகம் வாடிவிடும் என்றா? என் கௌரவத்துக்காக நாலு வருஷம் அந்தப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்களே, அது சரியா அம்மா? உங்கள்மேல் கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சிக்கு விஷமம்னா நான் வேற ஆள நோக்கட்டா?" என்றாள் பீனா. நான் சங்கடப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள். ஒரு நாள் தவணை கேட்டேன். அந்த நாள்தான் இது. காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்தால் எங்கள் யூனியன் மலருக்குக் கொடுத்துவிடுவேன். சிரித்தவர்களும் படிக்கட்டும்.

நாளைக் காலை பீனாவோடு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகிறேன். கையெழுத்தை வீட்டில் வைத்துப் போடமாட்டேன். அதிகாரியின் மேசையில், அவர் கண் முன்னால் போடுவேன். பரிசோதனை நாளில் இன்னொரு தரம் போடு என்றால் போடுவேன். பத்துத் தரம் என்றாலும் போடுவேன். ஒருவேளை அந்த அறையைப் பார்த்ததும் எழுத்து வராமல் போனால், பையில் கை விட்டுத் தேடமாட்டேன். எல்லோரும் கேட்கும்படி, "சார், எனக்கு வரல்ல, மை கொண்டாங்க" என்று சொல்லி இந்தத் தேய்ந்த விரலை நீட்டுவேன். பீனாவின் மனு என் வெட்கத்தால் தள்ளுபடியாகாது. இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

கவரை பீனாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது மேசையில் இந்தத் தாளும் பேனாவும் ஆறிய டீயும்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் அண்ணாச்சி
செல்லையா

இன்னொரு தரம் போட்டுக் காட்டுகிறேன், ஒத்துப்போகிறதா பாருங்கள்:
செல்லையா