பாற்கடலுக்குப் போட்ட நீல விளக்கு

வெள்ளி. காலையில் தூறல்.

கொடியில் போட்ட துணி காயவில்லை. நாளை கொலுவுக்கு ரஞ்சனி மாமியும் அவர் மாட்டுப்பெண்ணும் பாட வருகிறார்கள். பட்டாணி ஊறப்போட வேண்டும். வெற்றிலை, பூ, மஞ்சள்.

பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு ஒளிமின் விளைவு. ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில்தான் வகுப்பு முழிக்கும். சிவப்பு விளக்கை எவ்வளவு பிரகாசமாக அடித்தாலும் உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரான்கூட வராது. மங்கலான புற ஊதா பட்டால் உடனே வரும். ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது. அதிர்வெண் கூடக்கூட ஒவ்வொரு பொட்டலத்தின் ஆற்றலும் கூடும். பிரகாசம் என்பது பொட்டலங்களின் எண்ணிக்கைதான். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "மிஸ், அப்ப மங்கலா இருக்குன்னு ஏமாந்துடக் கூடாதுங்களா?" என்றாள். எல்லோரையும் கைதட்டச் சொன்னேன்.

சனி. நல்ல வெயில்.

புரட்டாசிச் சனி. கோயில் கூட்டத்தில் தெருவுக்குள் ஆட்டோ வரவில்லை. பூவோடு நடை.

இந்த வருஷக் கொலுவில் பாற்கடல். தெர்மகோல் அலை, நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். கடல் நீலமாக மின்ன வேண்டும் என்று வேதா ஒற்றைக்காலில் நின்றாள். நாலாம் வகுப்பு, பிடிவாதம் மட்டும் அப்பா மாதிரி. இவர் பரணைக் குடைந்து, கொரோனா சமயத்தில் வாங்கிப் போட்ட ஏதோ பெட்டியிலிருந்து ஒரு ட்யூபைக் கழற்றி மாட்டினார்.

"ஜானு, நீலமா எரியறது பார். போட்டுடலாமா?"

அடுக்களை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். "மங்கலாத்தானே இருக்கு, கண்ணைக் கூசாது. போடுங்கோ."

மாலை எல்லோரும் மெச்சினார்கள். நிஜப் பாற்கடல் மாதிரியே என்றார் ர. மாமி. வேதா விளக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடினாள். தள்ளி உட்காரச் சொன்னதற்கு, "நான் பெருமாள்கிட்டதான் இருப்பேன்." சுண்டலில் உப்பு தூக்கல்.

ஞாயிறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து.

விடியும்போது அலறல். "அம்மா, கண்ணுல மண்ணு. எடும்மா." மண் இல்லை. இமையைத் திறக்க முடியவில்லை, தண்ணீர் கொட்டுகிறது, ஜன்னல் வெளிச்சம் பட்டாலே துடிக்கிறாள். இவர் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

காவிரிப் பாலத்தில் ஆட்டோக்காரர், "மெட்ராஸ் ஐதாங்க. ஊர் பூரா இருக்கு. பயப்படாதீங்க."

தில்லைநகர் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கண்ணில் சாயச் சொட்டு விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "மெட்ராஸ் ஐ இல்லைங்க. கருவிழி மேல்தோல் முழுக்கப் பொடிப்பொடியா புண்ணு. பாப்பா எங்கயாவது வெல்டிங் அடிக்கறத வேடிக்கை பார்த்துச்சா? பட்டறைக்காரங்க இப்படித்தான் வருவாங்க."

இல்லவே இல்லை என்றோம்.

இரண்டு கண்ணுக்கும் கட்டு. புண் ஆறிவிடும், ஆழமாகப் போயிருந்தால் தழும்பு விழலாம், செவ்வாய்க்கிழமை பிரித்தால்தான் தெரியும் என்றார். தழும்பு என்றால் பார்வை? கேட்காமலே வந்துவிட்டேன். என் முகமும் காந்துகிறது. அழுததால் இருக்கும்.

ஞாயிறு, இரவுச் சாப்பாட்டுக்கு முன்.

எழுத்து கோணல்.

மதியம் ர. மாமி போன். "மாட்டுப்பொண்ணுக்குக் கண்ணெரிச்சல்டி. நந்தியாவட்டைப் பூ வெச்சுக் கட்டியிருக்கேன். ஒங்காத்துலேர்ந்துதான் ஒட்டிண்டிருக்கு." மாமிக்கு ஒன்றுமில்லை. எனக்கும் இல்லை.

சாயங்காலம் வாசலில் வேறு யாரோ கொலு பார்க்க வந்த சத்தம். வேதா கட்டோடு கூடத்தில்தான் படுப்பேன், பாட்டு கேட்க வேண்டும் என்றாள். பாயை விரித்தேன். இவர் சுவிட்சைப் போட்டார். பெருமாள் மேல் அதே மெல்லிய நீலம்.

வெல்டிங்.

வெல்டிங்கில் கண்ணைச் சுடுவது எது? அந்த ட்யூப் எதற்கு வாங்கியது? காய்கறியில் கிருமி சாக.

"அணையுங்கோ! அணையுங்கோன்னா!" வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நானே ஒயரைப் பிடுங்கினேன். பரணில் அந்தப் பெட்டி. கிருமியைக் கொல்லும் புற ஊதா, நேரே பார்க்காதே என்று மேலேயே அச்சடித்திருக்கிறது.

நமக்குத் தெரிந்த நீலம் அதன் ஓரத்தில் ஒழுகும் மிச்சம். மீதி கண்ணுக்கே தெரியாது. தெரியாத அதில்தான் ஒவ்வொரு பொட்டலத்திலும் அத்தனை ஆற்றல்.

திங்கள். லீவு சொல்லியாயிற்று.

டாக்டருக்குப் போன். இந்தக் கதிர் உள்ளே விழித்திரைவரை போகாது, மேலேயே நின்றுவிடும் என்றார். "அது நல்லதுதாங்க. ஆனா பாப்பா ரொம்பக் கிட்ட இருந்திருக்கு. நாளைக்குப் பார்ப்போம்." இந்த 'ஆனா'வை நாள் முழுக்க மென்றுகொண்டிருக்கிறேன்.

ர. மாமியிடம் உண்மையைச் சொன்னேன். மாட்டுப்பெண்ணைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். மாமி திட்டவில்லை. "நீ சயின்ஸ் டீச்சராச்சேடி" என்றார். திட்டியிருக்கலாம்.

மாமியும் நானும் தப்பித்தது மூக்குக்கண்ணாடியால். இவர் பாட்டு முழுக்க வாசலில் இருந்தார். சாதாரணக் கண்ணாடியைக்கூட அது தாண்டாது. ஒரு துண்டுக் கண்ணாடி போதும். குழந்தை முகத்துக்கு முன்னால் அதுகூட இல்லை.

இவர் கொலுப்படி ஓரத்தில் உட்கார்ந்து, "நான்தானே மாட்டினேன்" என்று திரும்பத் திரும்ப. நான்தானே போடச் சொன்னேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

வேதா தடவித் தடவி என் கையைப் பிடித்தாள். "அம்மா, இப்ப லைட் எரியறதா?" பட்டப்பகல்.

பயமாக இருக்கிறது. சமைக்கும்போது, தலை வாரும்போது, இதை எழுதும்போதும்.

செவ்வாய். மேகமூட்டம்.

முதல் டோக்கன். கட்டைப் பிரித்தார்கள். வேதா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "தொறக்க மாட்டேன். தெரியலேன்னா?" இத்தனை நாள் அதை நான் ஒருத்திதான் நினைக்கிறேன் என்று இருந்தேன்.

"மெதுவா தொறங்க பாப்பா" என்றார் டாக்டர். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவளுக்கு நேரே குனிந்து, என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஈரம்.

திறந்தாள். என்னையே பார்த்தாள், அல்லது என் பக்கம் திரும்பியிருந்தாள், எது என்று தெரியவில்லை.

"அம்மா, ஒன் மூஞ்சியெல்லாம் ஏன் செவப்பா இருக்கு? கண்ணைச் சுத்தி மட்டும் ரெண்டு வெள்ளை வட்டம்."

எனக்கே தெரியாது. மூன்று நாளாக முகம் பார்க்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.